டெட்ராய்ட் பள்ளம்

இனிமேல் தறியில் உட்காருவதில்லை என்று அருணகிரி சபதம் செய்தது அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரத்தில், ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு.

அந்த மாதிரி சபதங்களை ஆரணியில் செய்ய அவருக்குத் தைரியம் கிடையாது. ஆரணியில் ரேணுகாம்பாள் இருப்பாள். டெட்ராய்ட்டிலும் இருந்தாள்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அடுப்பு மேடையில் மகளுக்காக வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு கொதிக்கும்போது ரேணுகாம்பாள் காதில் வேறெதுவும் விழாது என்பது அருணகிரியின் நெடுநாள் நம்பிக்கை. அவருடைய மற்ற நம்பிக்கைகளைப் போலத்தான் இதுவும். ஆகவே வாய்விட்டே சொன்னார். தமிழில் சொன்னார். டெட்ராய்ட்டில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது?

டெட்ராய்ட் என்றால் கார் செய்கிற ஊர். அருணகிரியின் மருமகன் ரஞ்சித்குமாருக்கும் அங்கே கார் கம்பெனியில்தான் வேலை. ஒரு காலத்தில் ஊரே கார் செய்ததாம். கார் செய்து கை பழகியவர்கள் வீடு கட்ட வந்தபோது வீட்டையும் கார் மாதிரியே கட்டிவிட்டார்கள். நீளமாக, தாழ்வாக, சுற்றிலும் கண்ணாடியாக. அடியில் நாலு சக்கரம் மாட்டினால் ஓட்டிக்கொண்டே போய்விடலாம். எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு இஞ்சினியர் அப்படிக் கட்டிய வீட்டைத்தான் ரஞ்சித்குமாரும் ஜெயப்ரியாவும் வாங்கியிருந்தார்கள். உள்ளே சுவர் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. சமையலும் ஹாலும் ஒன்றாகக் கிடந்தன. கூரையைத் தாங்குகிற உத்தரங்கள் வெட்கமில்லாமல் வெளியே தெரிந்தன. ஹாலுக்கு நடுவே ஒரு பள்ளம்.

முதல் நாள் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அருணகிரி கவலையோடு கேட்டார்.

"இன்னா மாப்ளே, பூமி உள்வாங்கிடுச்சா?"

"இல்ல மாமா. இது பேசற பள்ளம். அந்தக் காலத்துல பெரிய ஃபேஷன். எறங்கி உக்காந்து நிதானமா பேசுவாங்க."

"மேல உக்காந்து பேசினா கேக்காதா?"

அதற்குள் ரேணுகாம்பாள் வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி ஜெயா, உங்க வீட்டுக்காரரு எப்ப நெய்யக் கத்துகினாரு? தறிக்குழி வெட்டி வெச்சிகினு இருக்காரே?"

நெய்கிறவர் காலைத் தொங்கப் போட்டு உட்காருவதற்காகத் தறிக்கு அடியில் வெட்டுகிற குழிதான் தறிக்குழி. அருணகிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா மாப்ளே! இவளுக்கு எதைப் பாத்தாலும் தறிதான். வானவில்லைப் பாத்தாக்கூட பார்டர் யாரு போட்டதுன்னு கேப்பா."

மருமகனும் சிரித்தான். மகளும் சிரித்தாள். ரேணுகாம்பாளும் சிரித்தாள். அவள் எப்படிச் சிரித்தாள் என்று அருணகிரி கவனித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அவர் கவனித்ததெல்லாம் வேறு. இந்த வீட்டில் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் தறி வைக்க இடமில்லை. தறி இல்லாவிட்டால் நெசவு இல்லை. இதே மாதிரி ஒரு வீட்டை ஆரணியில் கட்டிவிட்டால், 'நான் நெய்ய மாட்டேன்' என்று அவர் சொல்லவே வேண்டாம். வீடே சொல்லிவிடும்.

அருணகிரிக்கு நெசவு தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகத் தெரியும். தெரிந்த வேலையைச் செய்யாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டல்லவா, அதில்தான் அவர் கைதேர்ந்தவர். ஆரணியில் அவருடைய தறி வீட்டின் பின்கட்டு இருட்டில் இருந்தது. கால் கட்டைவிரலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தறியின் பலகையில் கட்டிவிடுவார். தூணில் சாய்ந்து கண்ணை மூடுவார். தூக்கத்தில் கால் ஆடும். பலகை 'டக்கு டக்கு' என்று அடிக்கும். சமையற்கட்டில் இருக்கும் ரேணுகாம்பாள், வீட்டுக்காரர் மும்முரமாக நெய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். ஒருமுறை கனவில் யாரோ துரத்த, அவர் கால் போட்ட போட்டில் அக்கம்பக்கத்து நெசவாளிகள் எல்லாம் வெட்கப்பட்டு வேகத்தைக் கூட்டினார்கள் என்று சொல்வார்கள்.

சத்தம் மட்டும் நிறைய வந்தது. சேலைதான் வரவில்லை. மற்றவர்கள் இரண்டு சேலை நெய்து அறுக்கிற நேரத்தில் அவர் ஒன்றில் முந்தானைக்குக்கூட வந்திருக்க மாட்டார். பாவு நூல் வாங்குவது, ஜரிகை வாங்குவது, நெய்த சேலையைக் கடையில் கொடுத்து வாதாடுவது எல்லாம் ரேணுகாம்பாள். "உங்களுக்கு மட்டும் ஏங்க சேலை இவ்ளோ நீளமா வருது? முடியவே மாட்டேங்குதே" என்று அவள் எப்போதாவது கேட்பாள். "தரம்" என்பார் அருணகிரி.

ஊர் திரும்பியதும் விஷயத்தை எடுத்தார். அதற்காக விமானத்திலேயே ஒரு சொற்பொழிவு தயாரித்திருந்தார்.

"ரேணு, நம்ம ஓட்டு வீட்டை இடிச்சுட்டு, ஜெயா வீடு மாதிரி கட்டலாம்னு பாக்கறேன்."

"கட்டலாங்க."

அருணகிரி திகைத்தார். சொற்பொழிவு வீணாகப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. ஆகவே சம்மதம் கிடைத்த பிறகும் அதை முழுவதுமாகச் சொல்லி முடித்தார். காற்றோட்டம், வெளிச்சம், நாகரிகம் என்று மூன்று இட்லி ஆறிப்போகும் வரை பேசினார். ரேணுகாம்பாள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. தறியை இன்னா பண்றது?"

அருணகிரி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"அதான் எனக்கும் மனசு கேக்கல. ஆனா எங்கன்னு வைக்கிறது? இந்தாண்ட கண்ணாடி, அந்தாண்ட கண்ணாடி. நீயே சொல்லு."

"ஆமாங்க. எடமே இல்ல." அவள் பெருமூச்சு விட்டாள். "கமலம் வீட்டு ஓரமா பிரிச்சுப் போட்டு வெக்கட்டுமா?"

"போடு, போடு. ஜல்தியா போடு."

கமலம் பின்தெருக்காரி. அவளும் நெசவுதான். தறியின் கட்டைகள் அவள் வீட்டுக்குப் போன அன்று அருணகிரி தெருமுனை வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அடுத்து மேஸ்திரி அய்யாக்கண்ணு வந்தார். ஜெயப்ரியா அனுப்பியிருந்த படத்தைப் போனில் பார்த்தார். போனைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

"அண்ணா, இதுல வீடு எங்க?"

"இதான்யா வீடு."

"பெட்ரோல் பங்கு மாதிரி இருக்குது?"

"மாடர்ன் வீடுய்யா."

"எப்ப கட்டினது?"

"எழுவது வருஷம் ஆவுது."

"அப்ப பழசு."

"பழசு இல்ல. அந்தக் காலத்துப் புதுசு."

"சரி. சுவரு?"

"கண்ணாடி."

"கக்கூசுக்கு?"

அருணகிரி யோசித்தார். "அதுக்கு மட்டும் செங்கல் வெச்சுக்க."

"பொழச்சேன். உள்சுவரு?"

"கெடையாது."

"சமையக்கட்டு?"

"ஹாலுக்குள்ளயே."

"அக்கா தாளிச்சா கடுகு ஒங்க மூஞ்சில வந்து வெடிக்குமே?"

"வெடிக்கட்டும்."

"அப்ப எனக்குக் கட்டறதுக்கு இன்னாதாண்ணா இருக்கு?"

"பள்ளம் இருக்கு."

அருணகிரி அடுத்த படத்தைக் காட்டினார். அய்யாக்கண்ணுவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"அட, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஊருல பாதிப் பேருக்கு நாந்தான் தோண்டிக் குடுத்தேன். இது தறி..."

"அய்யாக்கண்ணு!" உள்ளேயிருந்து ரேணுகாம்பாள் கூப்பிட்டாள். "போண்டா சூடா இருக்குது. வா, வந்து சாப்பிடு."

அய்யாக்கண்ணு போனார். சாப்பிட்டார். திரும்பி வந்தபோது தறியைப் பற்றிய பேச்சு அவர் வாயில் இல்லை, போண்டா இருந்தது. அன்று முதல் பள்ளத்தைப் பற்றி அவர் வாய் திறக்கும்போதெல்லாம் அதில் ஒரு போண்டா விழுந்தது. வீடு வளர வளர அய்யாக்கண்ணுவும் வளர்ந்தார். கடைசியில் சாரம் அவரை ஏற்றிக்கொள்ள மறுத்ததால் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கை காட்டினார்.

சின்ன வயசிலிருந்து தறிக்குழியில் கால் வைத்த மனிதருக்குத் தறிக்குழி அடையாளம் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் மருமகன் முன்னால் வயிறு குலுங்கச் சிரித்து, இது தறிக்குழி இல்லை என்று நிரூபித்துவிட்டு வந்த மனிதருக்குத் தெரியாது. ஒருமுறை சிரித்துவிட்டால் அப்புறம் கண்ணை நம்ப முடியுமா? தவிர, கிணறாகவே இருந்தாலும் அமெரிக்காவில் பார்த்திருந்தால் அது கிணறு ஆகாது என்கிற ரகம் அவர்.

இன்னொரு ஆச்சரியமும் நடந்தது. ரேணுகாம்பாள் வீட்டுக் கட்டடத்தில் ஆர்வம் காட்டத் தொடங்கினாள்.

"ஏங்க, பள்ளம் சதுரமா வேணாங்க. நீட்டா இருக்கட்டும்."

"ஏன்?"

"எதிரெதிரா உக்காந்தா சண்டை போடற மாதிரி இருக்கும். நீட்டா இருந்தா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல காலைத் தொங்கப் போட்டுகினு உக்காந்து பேசலாம்."

கல்யாணமான புதிதில்கூட ரேணுகாம்பாள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அருணகிரிக்குக் காது சிவந்தது. உடனே போய் அய்யாக்கண்ணுவிடம், "பள்ளத்தை நீட்டிடுய்யா" என்றார்.

"எவ்ளோண்ணா?"

"அக்காவையே கேளு."

அய்யாக்கண்ணு கேட்கவில்லை. அவருக்கு அளவு தெரிந்திருந்தது.

இன்னொரு நாள் அவள் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"இதுல கொக்கி மாட்டலாங்க. ஊஞ்சல் போடலாம்."

"பள்ளத்துக்கு மேலயா ஊஞ்சலு?"

"உழுந்தாலும் உள்ளதானே உழுவோம்."

"சரி, ஒண்ணு போட்டுக்கலாம்."

"ஒங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கெட்டியா போடச் சொல்லுங்க. நல்லா கனம் தாங்கணும்."

அருணகிரி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். மனைவியின் அக்கறை அவர் மனத்தைத் தொட்டது. ஊஞ்சல் ஆடும்போது தலை இடிக்காமலிருக்க, பள்ளத்துக்கு நேர் மேலே கூரையையும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள். அதுவும் நடந்தது.

"கண்ணாடி வடக்குப் பக்கமா, ரோட்டைப் பாத்து இருக்கட்டுங்க. மத்த பக்கம் வெயிலு நேரா அடிக்கும்."

"அடிச்சா?"

"நீங்க கறுத்துப் போவீங்க."

ஐம்பத்தெட்டு வயது ஆணின் நிறத்தைப் பற்றி ஒரு பெண் கவலைப்படுகிறாள் என்பது சாதாரண விஷயமா? கண்ணாடி வடக்கே வந்தது.

கடைசியாக ஹாலின் இரண்டு கோடியிலும் இரும்பு வளையம் கேட்டாள். தூணே இல்லாத ஹால் அது. இந்தக் கோடியில் கூப்பிட்டால் அந்தக் கோடிக்குச் சத்தம் போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்டவருக்கு மறந்துவிடும்.

"வளையம் எதுக்கு?"

"விசேஷம்னா தோரணம் கட்டலாங்களே."

"டெட்ராய்ட்ல தோரணம் கட்டலியே?"

"அங்க அவங்களுக்குத் தெரியல, பாவம்."

வீடு எழுந்தது. ஆரணியில் அதற்கு முன்னால் அப்படி ஒரு வீடு எழுந்ததில்லை. முனை வீடு; பக்கவாட்டில் நெசவாளர் தெரு, முன்னால் தேவிகாபுரம் பஸ் போகிற ரோடு. ஒரு வெள்ளாடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, காணாமல்போன அக்கா கிடைத்துவிட்டாள் என்று நினைத்து அந்த இடத்தை விட்டு நகர மறுத்தது. உடைமைக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போனார். தேவிகாபுரம் பஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது, பார்க்கிற ஆசையில் பயணிகள் எல்லாரும் ஒரே பக்கம் ஒதுங்க, பஸ் அந்தப் பக்கம் சாயும். தூரத்தில் பஸ் சாய்ந்து வருவதைப் பார்த்தே, அருணகிரி வீடு வந்துவிட்டது என்று தெருக்காரர்கள் சொன்னார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்தது. நெற்றியில் வீக்கம் இல்லாமல் திரும்பியவர்கள் வீட்டுக்குள்ளேயே வரவில்லை என்று அர்த்தம். அவ்வளவு சுத்தமான கண்ணாடி. அருணகிரி புது வேட்டி கட்டிக்கொண்டு பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, டெட்ராய்ட்டுக்கு வீடியோவில் பேசினார். கமலம் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, வசதியா இருக்குதா? காலு கீழ எட்டுதா?"

"நல்லா எட்டுதும்மா."

கமலம் சமையல் மேடைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "அக்கா! எட்டுதாம்!"

என்ன பாசமான ஜனங்கள் என்று அருணகிரி நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் சொர்க்கத்தில் இருந்தார். காலையில் பள்ளத்தில் இறங்குவார். பேசுவார். பேச ஆள் இல்லாவிட்டால் ரோட்டில் போகிறவர்களைக் கண்ணாடி வழியாகச் சைகையில் விசாரிப்பார். கட்டைவிரலில் நூல் இல்லாமல் பகலில் தூங்கினார். ஆரம்பத்தில் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை, பிறகு பழகிவிட்டது.

ஐப்பசி பிறந்தது. வானம் மூடிக்கொண்டது. ஒரு நாள் ரேணுகாம்பாள் தேங்காய், பழம் எல்லாம் எடுத்துப் பையில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தேவிகாபுரத்து அம்மனுக்கு வேண்டிகினு இருந்தேங்க. வீடு நெனச்ச மாதிரி அமைஞ்சா அர்ச்சனை பண்றேன்னு. போய் பண்ணிட்டு வாங்க."

"நீ வரலியா?"

"மழை வரும் போல இருக்குது. கண்ணாடியை யாரு பாத்துக்கறது? நீங்க சாவகாசமா வாங்க."

அருணகிரி போனார். தன் பெயருக்கும் வீட்டின் பெயருக்கும் அர்ச்சனை செய்தார். வீட்டுக்கு நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். "டெட்ராய்ட்" என்றார் அருணகிரி. குருக்கள் அதற்கும் அர்ச்சனை செய்தார்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆரணி நெருங்கியதும் பயணிகள் எழுந்து அவர் பக்கம் நெருங்கினார்கள். பஸ் சாய்ந்தது. அருணகிரிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த தலைப்பாகைக்காரரிடம் சொன்னார்.

"அதோ வருது பாருங்க, அது நம்ம வீடுதான்."

தலைப்பாகைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்களுதா? ஜோரா இருக்குது. மழையில ஊரே தறியை மூடிட்டு ஒக்காந்துகினு இருக்குது, உங்களுக்கு அமோகமா ஓடுது போல?"

"இன்னா ஓடுது?"

"தறிதான்."

அருணகிரி அவர்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுல தறியே கெடையாதுங்களே."

"அப்ப அது இன்னா?"

அருணகிரி பார்த்தார். வெளியே மழை இருட்டு. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. கண்ணாடி முழுக்க சினிமாத் திரை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. ஹாலின் இந்தக் கோடி வளையத்திலிருந்து அந்தக் கோடி வளையம் வரை ஒரு பாவு, கத்தரிப்பூ நிறத்தில், ஆறு மாதிரி ஓடியது. இரண்டு பக்கமும் தெருப் பெண்கள் நின்று இழை இழையாகப் பிரித்து நீவிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தில் இரண்டு தறிகள், பக்கத்தில் பக்கத்தில். ஊஞ்சல் கொக்கிகளில், சேலையில் பூவேலை போடுகிற ஜக்கார்டு பெட்டிகள் இரண்டு கனமாகத் தொங்கின. ஒரு தறியில் ரேணுகாம்பாள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தறியில் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு தலையணைகூட மடித்துப் போட்டு வைத்திருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினார். வாசலில் கமலம் மறித்தாள்.

"அண்ணா, அங்கியே நில்லுங்க! தலையில தண்ணி சொட்டுது. பாவு மேல படப்போவுது."

தன் வீட்டு வாசலில், தன் கண்ணாடிக்கு வெளியே, தலை காயும் வரை அவர் நின்றார். மழையில் தலை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ரேணுகாம்பாளே துண்டு எடுத்துக்கொண்டு வந்து துவட்டிவிட்டாள்.

"ரேணு, இன்னா இது?"

"மழைங்க. தெருவுல பாவு விரிக்க முடியல. எல்லாரும் பேஜாராயிட்டாங்க. நம்ம ஹாலு சும்மாதானே கெடக்குது? வர்றவங்க ஆளுக்கு ஒரு நாளு நம்ம தறிக்கு ஒத்தாசை பண்றாங்களாம்."

"அந்தக் கொக்கி ஊஞ்சலுக்குன்னியே!"

"நல்லா கனம் தாங்குதுங்க. அய்யாக்கண்ணு கெட்டிக்காரன்."

"ரெண்டு தறி எதுக்கு?"

"ஒங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அன்னிக்கே சொன்னேனே."

அருணகிரி பள்ளத்தைக் கை காட்டினார். "ரேணு, அது பேசற பள்ளம்!"

"பேசுங்க. நான் வேணான்னா சொன்னேன்? கையும் காலும் நெய்யப் போவுது. வாயி சும்மாதானே கெடக்கும்?"

பெண்கள் எல்லாரும் பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காகக் கமலம் முந்தானையில் பாதியை வாய்க்குள் திணித்திருந்தாள்.

அருணகிரி போனை எடுத்துக்கொண்டு, செங்கல் சுவர் உள்ள ஒரே இடத்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, டெட்ராய்ட்டைக் கூப்பிட்டார். மகள் எடுத்தாள்.

"ஜெயா, உங்க அம்மா இன்னா பண்ணிட்டா தெரியுமா? பள்ளத்துல தறி போட்டுட்டா!"

"போட்டாச்சாப்பா? கால் எட்டுதா?"

அருணகிரி தாழ்ப்பாளை இன்னொரு முறை சரிபார்த்தார்.

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா இங்க இருக்கும்போதே அளவு எடுத்துகினாங்களே. நீங்க பள்ளத்துல தூங்கிகினு இருந்தீங்க. உங்களைத் தாண்டித் தாண்டி முந்தானையால அளந்தாங்க."

ரஞ்சித்குமார் நடுவில் வந்தான். "மாமா, கோச்சுக்காதீங்க. இந்த வீட்டை உங்களுக்கு நல்லா சுத்திக் காட்டி, பெருமையா பேசச் சொன்னதே அத்தைதான். 'நான் கேட்டா கட்ட மாட்டாரு, அவரா ஆசைப்பட்டாதான் கட்டுவாரு'ன்னாங்க."

"அப்ப நான் அன்னிக்கு சபதம் பண்ணது..."

"குழம்பு வெச்சுகினு இருந்தாங்களாமே," என்றாள் ஜெயப்ரியா. "நடுவுல சுவரு இல்லியேப்பா."

அருணகிரி வெளியே வந்தார். ரேணுகாம்பாள் தறிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். கையில் ஒரு நூல். கறுத்துப்போய், ஒரு முனையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கு விழுந்த நூல்.

"பழைய தறியைப் பிரிக்கும்போது பலகைல இது கட்டிகினு இருந்துது. ஒங்களுதா பாருங்க."

அருணகிரி பார்த்தார். தனக்கு அதைத் தெரியாது என்று சொல்லலாமா என்று யோசித்தார். அதற்குள் அவருடைய வலது கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது.

"இனிமே இது வேணாங்க," என்று ரேணுகாம்பாள் அதை அடுப்பில் போட்டாள். "அடுப்பு மேடைலேர்ந்து எல்லாம் நல்லா தெரியுது."

அருணகிரி தறியில் உட்கார்ந்தார். வடக்கு வெளிச்சம் சேலை மேல் பால் மாதிரி விழுந்தது. இழை ஒவ்வொன்றும் தெரிந்தது. கால் சரியாக எட்டியது. இவ்வளவு வசதியான தறிக்கூடம் ஆரணியில் இல்லை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். யாருடைய யோசனை என்று கேட்டார்கள். ரேணுகாம்பாள் அடக்கமாக வீட்டுக்காரரைக் கை காட்டினாள். தீபாவளிக்குள் அவர் தறியிலிருந்து ஒரு சேலை முழுசாக இறங்கியது. அதைப் பார்த்து அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் ரேணுகாம்பாள் பை எடுத்தாள்.

"அம்மனுக்கு நானும் ஒரு தடவை நேர்ல போயி நன்றி சொல்லிட்டு வந்துடறேங்க. நெய்துகினு இருங்க."

"சாவகாசமா வா," என்றார் அருணகிரி.

அவள் போனாள். கமலம் வரவில்லை. பாவுக்காரிகள் யாரும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அருணகிரி கையை மடியில் வைத்தார். தலையணையில் சாய்ந்தார். கண்ணை மெல்ல மூடினார்.

ரோட்டில் ஹாரன் அலறியது. ஒரு கண்ணைத் திறந்தார். தேவிகாபுரம் பஸ் வழக்கத்தைவிட மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஜன்னல் முழுக்க முகங்கள். முதல் ஜன்னலில் ரேணுகாம்பாள்.

பஸ் சாய்ந்தது. அருணகிரி நிமிர்ந்தார்.